காலிங் பெல்லுக்குச் சாவிப் பூட்டு: எங்கே போடுவது, எப்படிப் போடுவது

கேள்வி: எங்கள் வீடு தெருவை ஒட்டிய தனி வீடு. கேட் தூணில் காலிங் பெல் சுவிட்ச் இருக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் அடித்துவிட்டு ஓடுகிறார்கள். நாள் முழுக்க கூரியர், விற்பனைக்கு வருபவர்கள் என்று யாராவது அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். கணவருக்கு நைட் ஷிப்ட், பகலில்தான் தூங்க வேண்டும். உள்ளே ஒரு சுவிட்ச் போட்டு நிறுத்தலாம் என்றால் 6 வயது மகன் அதைப் போட்டுவிடுகிறான். மாமியாரும் லைட் சுவிட்ச் என்று நினைத்துத் தட்டிவிடுகிறார். பெல்லைச் சாவி போட்டுப் பூட்ட ஏதாவது உண்டா? கேட்டில் இருக்கும் சுவிட்சுக்கே பூட்டு மூடி போட்டுவிடலாமா?

உண்டு. கீ சுவிட்ச் என்று கேட்டால் கிடைக்கும். பட்டனுக்குப் பதிலாகச் சாவித் துவாரம் உள்ள சுவிட்ச் அது. சாவியைத் திருப்பினால் கான்டாக்ட் சேரும், திருப்பி விட்டால் பிரியும். உங்கள் வீட்டுக்கு இதுதான் சரி. ஆனால் அதைக் கேட் தூணில் போடாதீர்கள். வீட்டுக்குள், பெல்லுக்குப் போகும் ஃபேஸ் வயரில் (கரண்ட் வரும் வயர்), கேட் சுவிட்சுக்கு முன்னால் வரும்படி போடுங்கள். இந்த 'முன்னால்' என்பது முக்கியம், கீழே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில், சாவி எப்போது தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தெருவில் இருக்கும் பிள்ளைகளைத் தடுக்கச் சாவி தேவையே இல்லை. உள்ளே இருக்கும் சுவிட்சை அவர்களால் தொட முடியாது, சாதாரண சுவிட்ச் ஒன்று போதும். நாம் தடுக்க நினைக்கும் கைக்கு அந்த சுவிட்ச் எட்டும் என்றால்தான் சாவிக்கு வேலை. உங்கள் வீட்டில் மகனுக்கும் மாமியாருக்கும் எட்டுகிறது, அதனால் உங்களுக்குச் சாவி வேண்டும். பள்ளிக்கூட அலுவலகத்தில் மணி அடிக்கும் சுவிட்ச், தொழிற்சாலையில் சங்கு ஊதும் சுவிட்ச் இவற்றுக்கும் இதே காரணத்துக்காகத்தான் கீ சுவிட்ச் போடுவது. போகிற வருகிற எல்லார் கைக்கும் எட்டுகிற இடம், ஆனால் ஒருவர் மட்டும்தான் இயக்க வேண்டும். உங்கள் வீட்டில் மகன் கைக்கு எட்டாத உயரத்தில் சாதாரண சுவிட்ச் வைத்தால் ஆகாதா என்று கேட்டால், மகனுக்கு ஆகும், மாமியாருக்கு ஆகாது.

இனி நம் ஊர் பெல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் பூட்டை எங்கே வைப்பது என்பது அதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் வீட்டு பெல்லுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்துப் பெரும்பாலும் 16 வோல்ட்டில் ஓட்டுவார்கள். பிரிட்டனிலும் 8 வோல்ட், 12 வோல்ட் என்று குறைந்த மின்னழுத்தம்தான் வழக்கம். அங்கே வாசல் பட்டனை ஈரக் கையோடு தொட்டாலும் ஆபத்தில்லை. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் 230 வோல்ட் நேரடியாகக் கேட் தூண் வரை போகிறது. மெயின் போர்டிலிருந்து வரும் ஃபேஸ் வயர் கேட்டில் உள்ள பெல் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வீட்டுக்குள் இருக்கும் பெல்லுக்கு வருகிறது. பெல்லின் இன்னொரு முனை நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். பட்டனை அழுத்தினால் சுற்று முடிகிறது, பெல் அடிக்கிறது.

கேட் தூணில் இருக்கும் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் நிலைமை. இரண்டு ஸ்க்ரூவும் துருப்பிடித்திருக்கும். உள்ளே எறும்புப் புற்று, மண், பல்லி முட்டை ஓடு. பித்தளை டெர்மினல் பச்சை பூத்திருக்கும். பிளாஸ்டிக் பட்டன் வெயிலில் வெளுத்து, ஓரத்தில் கீறல் விட்டிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும். அதற்குள் 230 வோல்ட் 24 மணி நேரமும் நிற்கிறது. பெல்லைப் பூட்டும் வேலையைச் செய்யும்போதே இந்த ஆபத்தையும் குறைத்துவிட முடியும் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கீ சுவிட்சை மூன்று இடத்தில் போடலாம். பெல்லுக்கு மேலேயே, கேட்டிலிருந்து திரும்பி வரும் வயரில் போடலாம். பல எலக்ட்ரீஷியன்கள் செய்வது இதுதான், ஏனென்றால் பெல் பக்கத்திலேயே வயர் கைக்குக் கிடைக்கிறது, வேலை சுலபம். பூட்டினால் பெல் அடிக்காது, சரி. ஆனால் கேட் தூணில் கரண்ட் அப்படியே நிற்கும். நியூட்ரல் வயரில் போட்டாலும் அதே கதை, அதைவிட மோசம்: யாராவது கேட் பட்டனை அழுத்தினால் பெல்லுக்குள்ளும் கரண்ட் வந்து நிற்கும். பெல் பூட்டியாகிவிட்டதே என்று ஒருவர் ஏணி போட்டு ஏறி பெல்லைத் திறந்திருக்கும்போது யாராவது பட்டனை அழுத்தினால் ஷாக் அடிக்கும். மூன்றாவது இடம், மெயின் போர்டிலிருந்து கேட்டுக்குப் போகும் ஃபேஸ் வயர், அது வீட்டை விட்டு வெளியே போவதற்கு முன்னால். அங்கே போட்டால் பூட்டியதும் பெல்லும் அடங்கும், கேட் தூணிலும் கரண்ட் இருக்காது. மழை கொட்டும் இரவில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

இந்த மூன்றாவது இடத்தைத்தான் கேளுங்கள். எலக்ட்ரீஷியன் "எங்க போட்டாலும் ஒண்ணுதாம்மா" என்பார். ஒன்று இல்லை. கேட்டுக்குப் போகிற ஃபேஸில் போடச் சொல்லி, வேலை முடிந்ததும் பூட்டிய நிலையில் கேட் சுவிட்சைத் திறந்து இரண்டு முனையிலும் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் எரியக்கூடாது. எரிந்தால் இடம் தவறு, அல்லது பழைய வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கிறது. பழைய வீடுகளில் இந்த மாறாட்டம் சர்வ சாதாரணம். பெல் எப்படிக் கொடுத்தாலும் அடிக்கும் என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கேட் தூணில் லைட்டும் இருந்தால், வயர் மிச்சம் பிடிப்பதற்காக லைட்டுக்கும் பெல்லுக்கும் ஏதோ ஒரு வயரைப் பொதுவாக ஓட்டியிருக்கலாம். அப்படி இருந்தால் பெல்லைப் பூட்டும்போது கேட் லைட்டும் போய்விடும். பிரித்துக் கொடுக்கப் புது வயர் ஒன்று இழுக்க வேண்டி வரும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இதற்குத் தாராளம்.

இப்போது கடைக்குப் போவோம். எலக்ட்ரிகல் கடையில் "கீ சுவிட்ச்" என்று மட்டும் கேட்டால் மூன்று வேறு பொருளைக் காட்டுவார்கள், மூன்றிலும் முன்னால் தெரிவது சாவித் துவாரம்தான்.

முதலாவது, கடைகளில் மோட்டார் ஷட்டருக்குப் போடுவது. சாவியை இடப்பக்கம் திருப்பினால் ஷட்டர் ஏறும், வலப்பக்கம் திருப்பினால் இறங்கும், கையை விட்டால் சாவி தானே நடுவுக்கு வந்துவிடும். ஸ்பிரிங் ரிட்டர்ன் என்பார்கள். உங்கள் வேலைக்கு இது ஆகாது. பெல்லை இயங்க வைக்க ஒருவர் சாவியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். பார்த்தால் நல்ல கனமான பெட்டி, உறுதியான பூட்டு என்பதால் பலர் இதையே வாங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், சென்னை என்றால் ரிட்சி தெருவில், கிடைக்கும் விரல் பருமன் உள்ள சின்ன கீ சுவிட்ச். இதில் சில 250 வோல்ட் தாங்கும், சில தாங்காது. உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அச்சிடவே இல்லை என்றால் 230 வோல்ட்டில் போடாதீர்கள். இதன் பின்புறம் இரண்டு கம்பிகள் திறந்தபடி நிற்கும், அவற்றில் சால்டர் வைத்து ஸ்லீவ் போட வேண்டும். பைக் இக்னிஷன் சுவிட்சை இதற்குப் பதிலாகப் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது 12 வோல்ட் பேட்டரிக்குச் செய்தது, அதன் இன்சுலேஷன் வீட்டு மின்சாரத்துக்கானது இல்லை. சாவியும் உலோகம், அதைப் பிடிப்பது உங்கள் கை.

மூன்றாவது, தொழிற்சாலை கண்ட்ரோல் பேனல்களில் போடும் கீ செலக்டர் சுவிட்ச். இதைத்தான் வாங்க வேண்டும். பேனலில் 22 மி.மீ. அளவு என்று சொல்வார்கள், உண்மையில் 22.5 மி.மீ. துளை போட வேண்டும். முன்னால் பூட்டுத் தலை, பின்னால் சொருகி மாட்டும் கான்டாக்ட் பிளாக் என்று இரண்டு பாகமாக வரும். கான்டாக்ட் பிளாக் பச்சை நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் சாதாரணமாகத் திறந்திருப்பது, அதாவது என்.ஓ. சிவப்பு என்றால் சாதாரணமாக மூடியிருப்பது, அதாவது என்.சி. உங்களுக்கு ஒரு என்.ஓ. பிளாக் போதும். பிளாக்கின் மேல் ஏசி-15 என்று போட்டு ஆம்பியர் எழுதியிருக்கும். காயில், அதாவது கம்பிச் சுருள், உள்ள சாமான்களை ஆன், ஆஃப் செய்வதற்கான அளவு அது. காலிங் பெல் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் அந்த அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கடையில் இரண்டு விஷயம் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, டூ பொசிஷன், அதாவது இரண்டு நிலை, திருப்பிய இடத்திலேயே நிற்க வேண்டும், ஸ்பிரிங் ரிட்டர்ன் வேண்டாம். இரண்டு, சாவி எந்த நிலையில் வெளியே வரும் என்பது. இதைப் பலரும் கேட்பதில்லை. சில சுவிட்சில் ஆஃப் நிலையில் மட்டும் சாவி வெளியே வரும், சிலவற்றில் ஆன் நிலையில் மட்டும், சிலவற்றில் இரண்டிலும் வரும். ஆஃபில் மட்டும் சாவி வருவதை வாங்கினால், பெல் இயங்கும் நேரமெல்லாம் சாவி சுவரிலேயே தொங்கும், மகன் அதைத் திருப்புவான். உங்களுக்கு இரண்டு நிலையிலும் சாவி வெளியே வர வேண்டும்.

பூட்டின் உறுதியைப் பற்றி: இந்தப் பேனல் சுவிட்சுகள் பெரும்பாலும் ஒரே சாவி எண்ணோடுதான் வரும். உலகம் முழுக்க 455 என்ற எண் கொண்ட சாவி மிகப் பரவலானது. பக்கத்து பட்டறையில் வேலை செய்பவரின் சாவிக்கொத்தில் இருக்கும் சாவி உங்கள் வீட்டு பெல்லையும் திறக்கும். கருவூலத்தைப் பூட்டப் போவதில்லை, வீட்டுக்குள் சுவரில் இருக்கும் பெல் சுவிட்ச்தான், அதனால் இது குறையே இல்லை. சொல்லப்போனால் வசதி: சாவி தொலைந்தால் அதே எண் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறையோடு வரும் இரண்டு சாவியில் ஒன்றை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

பொருத்துவது எளிது. சுவிட்ச் போர்டின் மாடுலர் பிளேட்டில் இதற்கு இடம் இருக்காது, ஆழமும் போதாது, ஏனென்றால் கான்டாக்ட் பிளாக்கோடு சேர்த்துப் பின்னால் கணிசமாக நீளும். கடையிலேயே ஒற்றைத் துளை போட்ட பிளாஸ்டிக் புஷ் பட்டன் பெட்டி கிடைக்கும். அதை வாங்கி, ஹால் சுவரில் மெயின் போர்டுக்குப் பக்கத்தில், பெரியவர்கள் கண் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். உலோகப் பெட்டி என்றால் எர்த் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் பிளாஸ்டிக்கே நல்லது. வேலைக்கு முன் அந்தச் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்க வேண்டும். எது பெல் சர்க்யூட் என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்கிவிடலாம். இறக்கிய பிறகும் டெஸ்டரை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இதையெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். நீங்களே செய்ய வேண்டாம்.

இதுவரை சொன்னது நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதற்கு ஒரு படி மேலே போவேன், காரணம் சொல்கிறேன்.

பெல்லை முழுக்க அடக்கிவிட்டால் வந்தவர் என்ன செய்வார்? ஸ்பீட் போஸ்ட் கொண்டுவந்த தபால்காரர் பட்டனை அழுத்துகிறார், சத்தம் இல்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்டின் கொண்டியைத் தட்டுவார். இரும்பு கேட்டைத் தட்டும் சத்தம் எந்த பெல்லையும் மிஞ்சும், உங்கள் கணவர் எழுந்துவிடுவார். சிலிண்டர் போடுபவரோ சத்தம் இல்லை என்றதும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இவையெல்லாம் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி, உங்களைத்தான் நம்பி ஓடி வருகிறார்கள் என்று வையுங்கள். அந்த நேரத்தில் பெல் செத்துக் கிடக்கக் கூடாது. உங்கள் வீட்டில் வயதானவர் இருக்கிறார், வெளியிலிருந்து உங்களுக்கு உதவிக்கு வருபவரும் அந்தக் கேட்டில்தான் நிற்க வேண்டும்.

அதனால் அழுத்தியது உள்ளே தெரியட்டும், படுக்கையறை வரை சத்தம் மட்டும் போகாமல் இருக்கட்டும். இதற்கு வழி, கேட் பட்டனை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுவது. உள்ளே ஒரு 12 வோல்ட் அடாப்டர். அதன் பிளஸ் கேட் பட்டனுக்குப் போய்த் திரும்பி கீ சுவிட்சின் பொது முனைக்கு வருகிறது. கீ சுவிட்சில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கான்டாக்ட் பிளாக், ஒரு என்.ஓ., ஒரு என்.சி. சாவி ஒரு பக்கம் இருந்தால் கரண்ட் ஒரு சிறு 12 வோல்ட் ரிலேயின் காயிலுக்குப் போகும் (ரிலே என்பது கைக்குப் பதிலாகச் சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்). அந்த ரிலேயின் கான்டாக்ட் வழியாக 230 வோல்ட் பெல் வழக்கம்போல் அடிக்கும். சாவியை மறு பக்கம் திருப்பினால் அதே கரண்ட் சமையலறையில் வைத்த 12 வோல்ட் எல்இடி இண்டிகேட்டருக்குப் போகும். பெல் அடிக்காது, யாரோ அழுத்துகிறார்கள் என்று விளக்கு மட்டும் எரியும். நீங்கள் சமையலறையில் இருந்தால் பார்த்துவிட்டுப் போய்க் கேட்டைத் திறக்கலாம். மாமியார் உட்காரும் இடத்தில் இன்னொரு விளக்கு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் கேட் தூணில் 12 வோல்ட்டுக்கு மேல் ஒருபோதும் போகாது. பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும், மழை அடித்தாலும், பிள்ளை ஈரக் கையோடு தொட்டாலும் பயமில்லை. எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது. பூட்டு வேண்டாம் என்பவர்கள்கூட இந்த மாற்றத்தை மட்டும் செய்துகொள்ளலாம். ரிலே காயில் இழுப்பது 100 மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதனால் வழக்கமான வீட்டுக் கேட் தூரத்துக்கு வயரில் வோல்ட் குறையும் பிரச்சினை வராது. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன உதிரி) ஒன்றை அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி போட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை பட்டனை விடும்போதும் காயிலிலிருந்து எழும் அதிக மின்னழுத்தம் பட்டனின் கான்டாக்டில் பொறி தட்டி அதைக் கருக்கிவிடும். 12 வோல்ட் வயரையும் 230 வோல்ட் வயரையும் ஒரே பைப்பில் போட வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் அடாப்டரையும் பெல்லையும் அந்த லைனில் கொடுத்துவிடுங்கள்.

பெல்லையே மாற்றும் யோசனை இருந்தால் அதையும் இப்போதே செய்துவிடலாம். பழைய டிங் டாங் பெல்லுக்குள் ஒரு காயில், அதற்குள் ஓடும் இரும்புத் தண்டு, ஒரு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் உலோகத் தகடு. அழுத்தியதும் காயில் தண்டை இழுத்து ஒரு தகட்டில் மோத வைக்கும், அது டிங். விட்டதும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளி மற்ற தகட்டில் மோத வைக்கும், அது டாங். நடுவில் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், உர்ரென்று சத்தம் வரும், சூடேறும். தெருப் பிள்ளைகள் பட்டன் இடுக்கில் தீக்குச்சியைச் சொருகிவிட்டு ஓடினால் காயில் கருகிப் போவது இப்படித்தான். ஒருமுறை அழுத்தினால் ஒருமுறை மட்டும் பாடி நிற்கும் எலக்ட்ரானிக் பெல்லில் இந்தத் தொல்லை குறைவு.

பிள்ளைகள் பெல் அடித்துவிட்டு ஓடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. லண்டனில் 1839இல் வந்த பெருநகரப் போலீஸ் சட்டத்திலேயே, தகுந்த காரணமில்லாமல் வேண்டுமென்றே வீட்டு மணியை இழுத்தோ கதவைத் தட்டியோ குடியிருப்பவரைத் தொந்தரவு செய்வது குற்றம், 40 ஷில்லிங் வரை அபராதம் என்று எழுதி வைத்தார்கள். அப்போது மின்சார மணி வீடுகளுக்கு வரவில்லை, கம்பி இழுத்து ஆட்டும் மணிதான். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி மின்காந்தத்தால் நீண்ட கம்பியின் மறுமுனையில் மணியடித்துக் காட்டியது அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1831இல். சட்டம் போட்டும் நிற்காத விளையாட்டு இது. ஆனால் இந்த விளையாட்டின் ருசியே சத்தத்தில்தான் இருக்கிறது. அழுத்தியும் சத்தம் வராத வீட்டை அவர்கள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் மட்டும் பூட்டி வைத்தாலே உங்கள் பாதிப் பிரச்சினை தீரும்.

நீங்கள் கேட்ட பூட்டு மூடிக்கு வருகிறேன். கேட் பட்டன் மேல் சின்ன பெட்டி வைத்துப் பூட்டலாம், தடுக்கவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை பூட்டவும் திறக்கவும் நீங்கள் கேட் வரை போக வேண்டும். பூட்டுத் துவாரம் தெருவைப் பார்த்து இருக்கும். அதில் குச்சியை ஒடித்துவிட்டாலும் பசையை ஊற்றிவிட்டாலும் அப்புறம் உங்களாலேயே திறக்க முடியாது. கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்றில் சாவி சில மாதங்களில் சிக்க ஆரம்பிக்கும். வெளியே பூட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் ஐபி 65 தரம் (தூசியும் தண்ணீரும் புகாதது) உள்ளதாக, துவாரத்துக்கு மூடி உள்ளதாக வாங்குங்கள். துவாரத்தில் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து இறுகிவிடும். கிராபைட் தூள் போடுங்கள்.

வெளியே சாவி வைப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. பெல் பூட்டியிருக்கும் நேரத்திலும் குறிப்பிட்ட ஒருவர் மட்டும் அடிக்க வேண்டும் என்றால், முன்னே ஆகாது என்று சொன்ன ஸ்பிரிங் ரிட்டர்ன் கீ சுவிட்ச் அங்கே சரியாகப் பொருந்தும். வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ், பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் போன்றவர்களிடம் சாவி இருக்கும். சாவியைச் சொருகித் திருப்பினால் உள்ளே பூட்டியிருந்தாலும் பெல் அடிக்கும். 12 வோல்ட் ஏற்பாட்டில் ரிலேக்கு நேராக ஒரு வயர் கூடுதலாகக் கொடுத்தால் போதும். உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

இனி எல்லா வீட்டிலும் வரும் பிரச்சினை: பூட்டியதை மறந்துவிடுவது. காலையில் கணவர் படுத்ததும் பூட்டுவீர்கள், சாயங்காலம் திறக்க மறப்பீர்கள், இரவு ஊரிலிருந்து வந்த விருந்தாளி கேட்டில் நின்றுகொண்டிருப்பார். கீ சுவிட்ச் பெட்டியிலேயே ஒரு சிவப்பு விளக்கு வைத்து, பூட்டியிருக்கும் நேரமெல்லாம் எரியும்படி செய்துவிடுங்கள். ஹாலில் கண்ணில் படுகிற இடமாக இருக்க வேண்டும். கேட் பட்டனுக்குள் நியான் இண்டிகேட்டர் இருந்தால், சாதாரண 230 வோல்ட் ஏற்பாட்டில் பூட்டியதும் அது அணைந்துவிடும். ஆனால் அது வெளியே நிற்பவருக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

கணவரின் ஷிப்ட் மாறாதது என்றால் சாவியோடு ஒரு டைம் ஸ்விட்சும் சேர்க்கலாம், காலை 9 மணிக்குத் தானே மாற்றி மாலை 4 மணிக்குத் தானே திருப்பிவிடும். பல்சக்கரம் மாதிரி சுற்றிலும் 15 நிமிடத்துக்கு ஒரு பல் வைத்த 24 மணி நேர டைமர் விலை குறைவு. ஆனால் வாங்கும்போது பேட்டரி ரிசர்வ் உள்ளதா என்று பாருங்கள். இல்லாததை வாங்கினால் கரண்ட் போகும் நேரமெல்லாம் அதன் கடிகாரம் நின்று, வாரக் கடைசியில் பல மணி நேரம் பிந்தி ஓடும், நடுராத்திரியில் பெல்லைப் பூட்டிக்கொண்டிருக்கும். வார ஷிப்ட் மாறி மாறி வந்தால் டைமர் வேண்டாம், சாவியே போதும்.

பெரிய ஹோட்டல்களில் தங்கியிருந்தால் இதே யோசனையைப் பார்த்திருப்பீர்கள். அறைக் கதவுக்கு வெளியே பெல் பட்டனும் ஒரு சிவப்பு விளக்கும் ஒரே பிளேட்டில் இருக்கும். உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் டோன்ட் டிஸ்டர்ப் சுவிட்ச். அதைப் போட்டதும் வெளியே சிவப்பு எரியும், பெல் பட்டன் வேலை செய்யாது. அதில் எனக்குப் பிடித்தது சிவப்பு விளக்குதான். வந்தவருக்குப் பெல் கெட்டுப்போகவில்லை, உள்ளே இருப்பவர் வேண்டாம் என்று வைத்திருக்கிறார் என்பது புரிந்துவிடுகிறது, கதவைத் தட்டமாட்டார். உங்கள் கேட்டிலும் அப்படி ஒரு 12 வோல்ட் சிவப்பு விளக்கு வைத்து, கீழே "சிவப்பு எரிந்தால் பெல் சத்தம் வராது, உள்ளே விளக்கு எரியும், காத்திருக்கவும்" என்று எழுதி ஒட்டுங்கள். தபால்காரரும் கூரியர்காரரும் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள், கொண்டியைத் தட்டுவதும் நிற்கும்.

வயர்லெஸ் பெல் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. வெளியே சின்ன பேட்டரி ரிமோட், உள்ளே பிளக்கில் சொருகும் ரிசீவர். நம் ஊர் பிளக் பாயிண்டுகளில் பக்கத்திலேயே சுவிட்ச் இருப்பதால் அதை அணைத்தாலே முடிந்தது. ரிசீவரை இரண்டாக வாங்கி, ஹாலில் உள்ளதை அணைத்துவிட்டு, சமையலறையில் உள்ளதைக் குறைந்த சத்தத்தில் வைத்துக்கொள்ளலாம். வீடியோ டோர் பெல் என்றால் போன் ஆப்பிலேயே மணியை நிறுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும். உங்கள் மகன் பிளக் சுவிட்சையும் விடமாட்டான் என்று தோன்றுவதால் உங்களுக்கு நான் வயர்லெஸ்ஸைச் சொல்லவில்லை.

வாடகை வீடாக இருந்தால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பெட்டியைச் சுவர் மேலேயே மாட்டி கேசிங் கேப்பிங்கில் (சுவர் மேல் பொருத்தும் மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை) வயர் ஓட்டலாம், காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு பழைய வயரைச் சேர்த்துவிடலாம். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கீ சுவிட்சை மட்டும் மூன்றாவது இடத்தில் போட்டுச் சில நாள் பாருங்கள். பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக வாங்கி வைத்தால் ரிலேயும் இரண்டாவது கான்டாக்ட் பிளாக்கும் பின்னால் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.